நாய்களின் கால்கள்

பைசாந்து நகரில் வீடு வீடாக
மின்கணக்கு எடுப்பவன் நான்.
கம்பிக்கதவுக்கு வெளியே நின்று
எண்களைக் குறித்துக்கொள்வேன்.
உள்ளே நின்று
நாய்கள் என்னைக் குறித்துக்கொள்ளும்.

வேலைக்கு வந்து பதினோரு வருடம்.
கடிபட்டது நான்கு முறை.
ஐந்தாவதாகக் கடிக்க வந்ததை
ரசீதுத் தாளின் பின்புறம் வரைந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கை நடுங்கியது, கையில் பேனா இருந்தது,
அவ்வளவுதான்.

அப்படியே சேர்ந்தன நாற்பத்து மூன்று நாய்கள்.
ஃப்ரிட்ஜின் மேல் அடுக்கி வைத்திருந்தேன்.
பழைய ரசீதென்றே நினைத்து
மனைவி ஒருமுறை குப்பையில் போடப் பார்த்தாள்.

செவ்வாய் இரவுகளில்
வாஷிங்டன் சில்வேய்ராவின் டயர் கடையில்
நாலைந்து பேர் கூடுவது
அவர் மீட்டரைப் படிக்கப் போனபோதுதான் தெரிந்தது.
(எங்கள் நாட்டில் வாஷிங்டன் என்றும்
பெயர் வைப்பார்கள். சிரிக்காதீர்கள்.)
அவர் படகுகள் வரைவார், தண்ணீர் வரைய மாட்டார்.
பல் மருத்துவமனையில் தாதியாக இருந்த இர்மா
களிமண்ணில் காதுகள் செய்வாள். காதுகள் மட்டும்.
பத்தொன்பது வயது ஃபாகுந்தோ
பூச்சிகள் பேசும் படக்கதை ஒன்றை
மூன்றாவது முறையாக
முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தான்.

ஒரே குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல்.
வாஷிங்டன் வெந்நீர் ஊற்றி ஊற்றி
ஒவ்வொருவராய் நீட்டுவார்.
மாத்தே யார் கையிலோ அவர் பேசலாம்.
படம் போட்டவன் மட்டும் பேசக் கூடாது.

டயர்களின் மேல் என் நாய்களைப் பரப்பினேன்.
ரப்பர் நெடி.
நல்லாயிருக்கு என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும்,
வாரிக்கொண்டு ஓடிவிடலாம்.

"எல்லா நாய்க்கும் முன்னால் கம்பி இருக்கிறதே"
என்றாள் இர்மா.
நான் பார்த்தது அப்படித்தான் என்று சொல்ல
வாயெடுத்தேன்.
வாஷிங்டன் உதட்டில் விரல் வைத்தார்.

ஃபாகுந்தோ ஒரு தாளை
விளக்கருகே தூக்கிப் பிடித்தான்.
"இவருக்குக் கால் வரைய வராது.
அதனால்தான் கம்பி."

அடப்பாவி.
நாலு வருடமாக எனக்கே தெரியாததை
நாலு வாய் மாத்தேயில் கண்டுபிடித்துவிட்டான்.

"நன்றி" என்றேன். மரியாதைக்குத்தான்.

மாத்தே குடிக்கும் இடத்தில் நன்றி என்றால்
போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம்.
பால் மறந்த நாள் முதலாய்க் குடிப்பவன்,
எனக்குத் தெரியாததா?
வாய் தவறியதோ, மனசு முந்தியதோ.
குடுக்கை என் முழங்காலைத் தாண்டி
அடுத்தவர் கைக்குப் போனது.
அன்றிரவு முழுக்க என் பக்கம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, துறைமுகத்துப் பக்கம்
ஒரு வீட்டில் சாம்பல்நிற நாய் ஒன்று
வழக்கம்போல் கம்பியில் பாய்ந்தது.
நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.
வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்:
"மீட்டர் அங்கே, மேலே."
"கால் பார்க்க வேண்டும்."
"யார் கால்?"
சொன்னேன்.
என்ன நினைத்தாளோ, கதவைத் திறந்துவிட்டாள்.

நாய் வெளியே வந்தது. என் பையை மோந்தது.
பிறகு நாலு காலையும் வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு
படுத்துவிட்டது.
அது எழுந்திருக்க நாற்பது நிமிடம்.

அடுத்த செவ்வாய், ஒரே ஒரு தாள்.
கம்பி இல்லை.

"பின்னங்கால் இரண்டும்
நாற்காலியிலிருந்து கழற்றியது" என்றார் வாஷிங்டன்.
"ஒன்று ஆட்டுக்கால்" என்றாள் இர்மா.
ஃபாகுந்தோ நெடுநேரம் பார்த்துவிட்டு,
"வால் உயிரோடு இருக்கிறது" என்றான்.
வாலை நான் பார்க்கவேயில்லை.
கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
கை தானாகப் போட்டது அது.

குடுக்கை வந்தது. நல்ல கசப்பு.
அடியில் குழல் சலசலக்கும்வரை உறிஞ்சினேன்.
நன்றிக்குப் பேர்போனது நாய்தான்;
நான் ஒன்றும் சொல்லாமல்
குடுக்கையைத் திருப்பி நீட்டினேன்.

"அதன் பெயர் என்ன?" என்று கேட்டாள் இர்மா.
படம் போட்டவன் பேசக் கூடாதே.
தவிர, எனக்குத் தெரியவும் தெரியாது.
அடுத்த மாதம்
மீட்டர் படிக்கப் போகும்போது கேட்க வேண்டும்.