ரெண்டு ஸ்பூன்

புளியரையில் லாரிகளை எடை போடுவது என் வேலை.
ஜல்லி, வைக்கோல், வாழைத்தார், கூண்டோடு கோழி,
எது மலையேறிப் போனாலும்
என் கண்ணாடி அறை முன்னால்
ஒரு நிமிடம் மூச்சடக்கி நின்றாக வேண்டும்.
நூறு கிலோ கூடினால்
டயர் பிதுங்குவதிலேயே சொல்லிவிடுவேன் என்று
டீக்கடையில் பீற்றிக்கொள்வதுண்டு.

இந்த ஞாயிறு
செண்பகவடிவின் வலது கை மாவுக்கட்டில்.
சாரல் ஊறிய மாடிப்படி செய்த வேலை.
மூன்று வாரமாய் எண்ணெய் காணாத தலையோடு
முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்,
எனக்கு முதுகைக் காட்டி,
கொஞ்சம் அவநம்பிக்கையாக.

தேங்காயெண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாய் உறைந்திருக்கிறது.
கணவாய்க் காற்று அப்படி.
அப்படியே வாணலியில் வழித்துப் போட்டு
அடுப்பைப் பற்றவைத்தேன்.
"அப்பளமா பொரிக்கப் போறீக?"
அணைத்தேன்.
வெந்நீர்ச் சொம்புக்குள் புட்டியை நிறுத்தி,
உருகியதும் மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்.
பிள்ளைக்கு ஆற்றிய பாலின் சூடு.
அதுதான் கணக்காம்.

உச்சியில் கவிழ்த்தேன்.
காதுக்குப் பின்னால் இறங்கி
கழுத்தைத் தாண்டி ரவிக்கைக்குள் போனது ஓர் ஓடை.
அவள் தோள் குலுங்கியது.
சிரிப்பா கோபமா, முதுகில் எழுதியில்லை.

"ஓவர்லோடு" என்றாள்.

"ரெண்டு ஸ்பூன் போதும்.
முடிக்கு அப்புறம், மொதல்ல தோலுக்கு.
வகிடு வகிடாப் பிரிச்சு விரல் நுனியால வைங்க.
நகம் படக் கூடாது.
பரபரன்னு தேய்க்காதீக, தோலு மட்டும் அசையணும்.
பொடுகு இருந்தா இதுவும் கூடாது,
எண்ணெய் பொடுகுக்குத் தீனி."

செங்கோட்டை நாட்டுமருந்துக் கடையில்
எட்டு வருஷமாய் நிற்கிறவள்.
செம்பருத்தி, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் என்று
முழங்கால்வரை கூந்தல் படம் போட்ட புட்டிகளை
ஒரு வார்த்தை கூட்டாமல் விற்கிறவள்.

ஏழாவது வகிடு பிரித்தபோது
வலக்காதுக்குப் பின்மேலே
அஞ்சு ரூபாய் அளவில் ஒரு வெறும் இடம்.
வழவழப்பாக.
புண்ணில்லை, தழும்பில்லை.
விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

சித்திரையிலிருந்தாம்.
கொண்டையை அந்தப் பக்கம் சாய்த்துப் போட்டிருக்கிறாள்.
நான் ஆனியில் கேட்டேன்,
இதென்ன புது ஸ்டைலா என்று.
சிரித்தது ஞாபகம் இருக்கிறது, நான்தான்.

கை தானாகப் புட்டிக்குப் போனது.
அந்த வட்டத்தின் மேல் இன்னும் கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்...
"ஊத்தினா முளைக்கதுக்கு அது நாத்தங்கால் இல்லங்க.
புழுவெட்டு.
முடி உடையாம, தோல் வறளாம வச்சுக்கிடும் எண்ணெய்,
அம்புட்டுத்தான் அதால ஆகும்.
விக்கிற எனக்குத் தெரியாதா?
புனலூர்ல தோல் டாக்டர் செவ்வாய்க்கிழமை பாக்காவளாம்.
லீவு கிடைக்குமோ என்னமோன்னு
கேக்கல."

சொம்பில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.
மிச்ச எண்ணெய் என் கையில்.
என் வழுக்கையில் பூசிக்கொள்ளலாம் என்றாள்,
அது வீண் செலவு என்றும் அவளே சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்து சீயக்காயை வடிகஞ்சியில் கரைத்து
அலசி விட்டேன், இரண்டு தடவை.
சாரல் மாதத்தில் ராத்திரி முழுக்க ஊறவிட்டால்
அவளுக்குப் பிடரி பிடித்துக்கொள்ளும்.
ஈரத்தோடு சீப்பை எடுத்ததற்கும் ஒரு திட்டு.
காய்ந்த பிறகு, நுனியிலிருந்து, மேலே மேலே.

திங்கள் முழுவதும் ரசீதுகளில் என் விரல் மணந்தது.
கொட்டாரக்கரை டிரைவர் ஒருத்தர் தாளை முகர்ந்து பார்த்து,
"நல்ல வெளிச்செண்ண" என்றார்.

செவ்வாய் காலை
கேரள பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்.
கொண்டை நடுவில் இருக்கிறது, நான் போட்டது, கோணல்தான்.
அந்த வட்டம் என் பக்கமாய்த் திறந்து கிடக்கிறது,
கணவாய்க் காற்று அதைத் தொட்டுப் போகிறது.

எடை மேடையைக் கடந்தோம்.
கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஷிப்ட்டுக்காரன் கை அசைத்தான்.
ஆள் ஏற்றிய வண்டிகளை
நாங்கள் நிறுப்பதில்லை.