இருநூறு சொற்களுக்குள்

குயியாங்கில் பதினோராவது நாளாகத் தூறல்.
நூலகத்து ஐந்தாம் மாடிப் படிக்கட்டில்
ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்று
ஆங்கிலம் ஒப்பிக்கிறோம்.
சுவருக்கு இந்நேரம் புரிந்திருக்க வேண்டும்.
எங்கள் மூச்சுப் படும் உயரத்தில் மட்டும்
சுண்ணாம்பு உப்பியிருக்கிறது.

டிசம்பர் கடைசியில் தேர்வு.
இன்றைய தலைப்பு: கைபேசி, நன்மையும் தீமையும்.
எல்லோரையும் போலத்தான் தொடங்குகிறேன்:
"சமூகத்தின் அதிவேக வளர்ச்சியோடு..."
எல்லோரையும் போலத்தான் முடிக்கிறேன்:
"எந்த நாணயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு."
பேனாவை மூடும்போதுதான் உறைக்கிறது,
நாணயத்தைத் தொட்டு எத்தனை மாதமாயிற்று?
நூடுல்ஸுக்கும் கைபேசி, பேருந்துக்கும் கைபேசி,
கோயில் உண்டியலில்கூட ஒட்டியிருக்கிறார்கள்
கட்டம் கட்டமாய் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம்.
கையில் இல்லாத ஒன்றின்
இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து
இருபதுக்குப் பதினொன்று.

மதிப்பெண் போட்டவள் வெய் ருவோச்சிங்.
என் கட்டுரையை அவள் திருத்த வேண்டும்,
அவள் மொழிபெயர்ப்பை நான். அப்படி ஓர் ஏற்பாடு.
சிவப்புப் பேனா தீர்ந்துபோய்
பச்சையில் திருத்துகிறாள்.
கீரை முளைத்த பாத்திபோலத் திரும்பி வருகிறது தாள்.
"இங்கே 'எ' போடணும். இங்கே 'தி'. இங்கேயும் 'தி'.
உன் பெயர்ச்சொல் எல்லாம்
தலைக்கு ஒன்றுமில்லாமல் மழையில் நிற்குது."

அவளுக்கு என்மேல் புகார்.
எனக்கு ஆங்கிலத்தின்மேல்.
எங்கள் மொழியில் எதையும் வெறுமனே எண்ணிவிட முடியாது.
ஆறென்றால் ஒரு கீற்று ஆறு,
மாடென்றால் ஒரு தலை மாடு,
குடையென்றால் ஒரு பிடி குடை.
அந்தப் பக்கம் கொண்டுபோகையில்
கீற்று உதிர்கிறது, தலை உதிர்கிறது,
பிடியும் போய்விடுகிறது.
பிடியில்லாத குடையை
எப்படித்தான் ஏந்திப் போகிறார்களோ அவர்கள்!

சொன்னேன்.
"இதுக்கெல்லாம் தேர்வில் மதிப்பெண் கிடையாது" என்றாள்.
என்றாலும் சொல்நோட்டின் ஓரத்தில்
எதையோ குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் பத்தியில்
நாற்பத்தாறு சொல் நீளத்துக்கு ஒரே வாக்கியம்.
'விச்'சுக்குள் 'விச்', அதற்குள் ஒரு 'தட்'.
எங்கள் மலை ரயில்போல
ஒரு சுரங்கம் முடியுமுன் அடுத்த சுரங்கம்.
நான்காய் வெட்டி வைத்திருந்தாள் சீனத்தில்.
வெட்டிய இடமெல்லாம் வெளிச்சம்.
திருத்த ஒன்றுமில்லை எனக்கு.
படித்தேன் என்று தெரியட்டுமென
ஒரு காற்புள்ளியை மட்டும் நகர்த்தி வைத்தேன்.

அன்றிரவு நூலகம் மூடும் மணி அடித்தபின்
தன் குடையை என் கையில் திணித்துவிட்டு
பையைத் தலைமேல் கவிழ்த்தபடி
ஏழாம் விடுதிக்கு ஓடினாள்.
ஏதோ வங்கி இலவசமாய்க் கொடுத்த குடை,
ஒரு கம்பியில் நீல நூல் கட்டு.
நாலு நாளாய் என்னிடம்தான் இருக்கிறது.
தினமும் கொண்டுபோகிறேன்,
தினமும் கொடுக்க மறந்துவிடுகிறேன்.
மறந்துவிடுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கள் மதியம், நூடுல்ஸ் ஆவிக்கு நடுவே கேட்டேன்,
எப்போது 'எ', எப்போது 'தி'?
மிளகாயை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:
"முதல் தடவை சொன்னா 'எ'.
கேக்கறவங்களுக்கும் எதுன்னு தெரியும்னா 'தி'."
"எனக்குத் தெரிந்தால் போதாதா?"
"போதாது. ரெண்டு பேருக்கும் தெரியணும்."

இன்றைய தலைப்பு: சிறு உதவி.
வளர்ச்சி இல்லை, நாணயம் இல்லை.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சொல்.
படிக்கட்டு பற்றி, சுவர் பற்றி, தூறல் பற்றி எழுதினேன்.
கடைசி வரியில்,
அதுவரை குடையென்ற பேச்சே எடுக்காமல்,
'தி' போட்டு,
குடை இன்னும் என்னிடம் இருக்கிறது என்று முடித்தேன்.

தாள் திரும்பி வந்தது.
பத்தொன்பது இடத்தில் பச்சை.
கடைசி வரியில் அந்தத் 'தி'யின் தலைமேல்
பேனா முனை வந்து நின்றிருக்கிறது.
கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும்,
மை ஊறி, புள்ளி பின்பக்கம்வரை தெரிகிறது.
அடிக்கவில்லை.

இருபதுக்குப் பன்னிரண்டு.
வெளியே தூறல்.
குடையைக் கேட்கவுமில்லை.