அறுகோணங்களை எண்ணுகிறவள்

எனக்கு எண்ணுகிற வேலை.
ஒரூரோ ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, இருட்டறை.
தாடையை இங்கே வையுங்கள்,
நெற்றியை ஒட்டுங்கள்,
பச்சைப் புள்ளியைப் பாருங்கள், இமைக்காதீர்கள்.
ஒரு பளிச். முடிந்தது.

திரையில் விரியும் கருவிழிப்படலத்தின் உள்முதுகு:
ஒற்றை அடுக்குச் செல்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஆறு மூலை.
தேன்கூடு மாதிரி என்று பாடப்புத்தகம் சொல்கிறது.
நான் தேன்கூட்டை நேரில் பார்த்ததில்லை.
எனக்கு அது உயுனியின் உப்பு வெளி,
காய்ந்து, வெடித்து, கட்டம் கட்டமாய்.

செவேரோ திகோனா அங்கிருந்துதான் வந்தார்.
முப்பத்தெட்டு வருஷம் கோடரியால் உப்பு வெட்டியவர்.
மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில்,
நடுவில் கறுப்புக் கண்ணாடி வாங்காத ஒரு மனிதர்.
இரண்டு கண்ணிலும் புரை முற்றி
ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்திருந்தது.
"லாமாவை நாய் என்று கூப்பிடுகிறார்" என்றாள் மகள்.
"நாய்க்கு வருத்தமில்லை. லாமாதான் துப்புகிறது."

வலக்கண் டாக்டர் கொந்தார்கோவுக்கு.
அவர் பேகோ ஆள், கோர்தொபாவில் படித்தவர்.
அரிசிமணி அகலம்கூட இல்லாத கீறல்,
அதன் வழியே ஓர் ஊசி,
காதுக்கு எட்டாத ஒலியில் நடுங்கி
புரையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சும்.
இளம்புரை என்றால் வெண்ணெய்.
இதுவோ பாறை. மெஷின் வெகுநேரம் முனகியது.
மறுநாள் அந்தக் கண்
குளிர்காலத்துப் பஸ் ஜன்னலாய் மூடுபனி பூத்திருந்தது.
பத்து நாளில் தெளிந்தது.

இடக்கண் டாக்டர் இலாரியா போமாவுக்கு.
அவருக்கு மெஷின் வேண்டாம்,
கரண்ட் போனால் டார்ச் போதும்.
வெள்ளைவிழியில் ஆறு மில்லிமீட்டர்ச் சுரங்கம்,
புரையை முழுசாய்ப் புரட்டி வெளியே வழுக்குவார்,
பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிபோல் மூச்சை அடக்கி.
வரும் வழியில் அது மேலே உரசினால் போச்சு;
அதற்காக இடையில் ஒரு ஜெல்லி மெத்தை.
கண் சீக்கிரம் தெளிந்தது, ஆனால்
ஜன்னல் கம்பிகள் கொஞ்சம் சாய்ந்து தெரிந்தன.

கேன்டீனில் கினோவா சூப் ஆறிக்கொண்டிருக்க
இருவரும் மூன்று மாதம் சண்டை போட்டார்கள்.
சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை மிச்சம்?
அதை நான் சொல்ல வேண்டும்.

வலது: 2412 இருந்தது, 2016 ஆயிற்று.
இடது: 2398 இருந்தது, 2087.
வித்தியாசம் இருக்கிறதுதான்.
என் கை நடுங்கினால் வரும் பிழையே ஐம்பது.
ஒரே ஒரு மனிதர், இரண்டே கண்.
இதை வைத்து யாரும் கொடி நாட்ட முடியாது
என்று தாளின் அடியில் பென்சிலால் எழுதினேன்.
இருவரும் மேல்வரியை மட்டும் படித்தார்கள்.

செவேரோ திரையைப் பார்க்கவேண்டும் என்றார்.
பார்த்ததும் மூக்கை ஒட்டினார்: "இது என் உப்பு."
பிறகு கேட்டார்:
"ஜனவரியில் மழை வரும், எல்லாம் கரையும்,
காய்ந்ததும் கட்டங்கள் திரும்ப எழும்பும்.
இதுவும் அப்படித்தானே?"

இல்லை என்றேன்.
போனது போனதுதான்.
பக்கத்தில் இருப்பது காலை நீட்டி
அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்.
அதனால்தான் சில கட்டங்கள் பெரிசாய், கோணலாய்.

"சரிதான்," என்றார்.
"பாதிப் பேர் சிலேவுக்குப் போய்விட்டார்கள்.
அவர்கள் பாத்தியையும் நான்தான் வெட்டுகிறேன்.
இடுப்பு கோணிவிட்டது."

எந்த டாக்டர் தேவலை என்று கேட்கவில்லை.
தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
வாசலில் ஒரு மஞ்சள் நாய் படுத்திருந்தது.
வலக்கண்ணை மூடிப் பார்த்தார்.
இடக்கண்ணை மூடிப் பார்த்தார்.
இரண்டையும் திறந்து, சத்தமாய்,
நாய் என்றார்.