அடித்தண்டு

பார்சல் லாரியில் வந்த துண்டு
ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் கூட.
ஸ்ரீநகர் முத்திரை, சணல் சுற்று, வால்நட்.
பில்லில் பதினோராயிரத்து நானூறு.
கூறைநாட்டில் அந்தக் காசுக்கு
வேம்பில் ஒரு கதவும் நிலையும் முடித்துவிடலாம்.

இழைப்புளி ஒரு தடவை போனதும்
குறுக்கே குறுக்கே வரிகள் எழுந்தன,
சாம்பலுக்கும் காப்பிக்கும் நடுவான நிறத்தில்.
சாய்த்தால் ஓடின. நிமிர்த்தினால் நின்றன.
"காவிரி மாதிரியே இருக்குண்ணே"
டீ கொண்டுவந்த சம்மனசு சொன்னான்.
அது பங்குனி.
பாலத்தடியில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
எந்தக் காவிரி என்று நான் கேட்கவில்லை.

வரி என்பது மரம் பட்ட சங்கடம்.
மேலே கிளையின் பாரம்,
கீழே நார் நேராய்ப் போக இடமில்லை,
மடிந்து மடிந்து தடித்துப்போகிறது.
பார்க்கிறவனுக்கு அழகு.
பூல் குச்சி செய்கிறவனுக்கு
எப்போது முறுக்கிக்கொள்ளுமோ என்ற பயம்.
ஆகவே நடுவே துளையிட்டு
நெட்டுக்கு நெட்டு நார் ஓடிய ஆஷ் மரத்தை
முதுகெலும்பாய்ச் செருகிப் பசை விட்டேன்.
இனி வரி வெறும் சட்டைதான்.

ஆனால் இந்த ஊரில்
உப்பு டப்பாவுக்குள்ளேயே கசியும்.
ஐப்பசி பிறந்தால்
கதவு நிலையோடு கோபித்துக்கொள்ளும்.
அரை நூல் கடைவேன், உத்தரத்தில் தொங்கவிடுவேன்.
மழை ஓயும்வரை வேறு வேலை.
மறுபடி அரை நூல்.
கண்ணாடியில் உருட்டி
அடியில் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதா என்று
கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பேன்.
எட்டு மாதம் இப்படி.

உரக்கடை வெற்றிச்செழியன் முன்பணம் தந்திருந்தான்.
பத்தொன்பது அவுன்ஸ்,
குன்றிமணி குறையக் கூடாது.
வாராவாரம் வந்து போட்டோ எடுப்பான்.

தப்பு என்னுடையது.
அளவு வந்த பிறகும்
உள்ளே மங்கலாய் இன்னொரு வரி தெரிந்தது.
ஒரு சீவல், அவ்வளவுதான் என்றேன்.
அது போனது. அதற்கடியில் வேறொன்று,
முன்னதைவிட நெருக்கமாய்.
ஓடுகிற லேத்தை நிறுத்தக் கை போகவில்லை.
நிறுத்தியபோது
தரையெல்லாம் வால்நட் சுருள்,
தராசில் பதினேழரை.

உள்ளே போல்ட் இறக்கி எடை கூட்டலாம்.
சொன்னேன்.
அவன் கையில் ஒரு சுழற்றுச் சுழற்றினான்.
"பொம்பளக் குச்சி."
முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
பைக்கை உதைத்தான்.

தையல்நாயகிக்குக் கூரியர் ஆபீஸில் வேலை.
பஸ் ஸ்டாண்டு மாடியில்
ஏழு மணிக்கு மேல் ஆடுவாள்,
எந்தக் குச்சியும் பாரம் என்று
பிடியை மேலே தள்ளிப் பிடிப்பாள்.
அவள் வந்து மரத்தைப் பார்க்கவே இல்லை.
வரி, பாலிஷ், நான் பட்ட எட்டு மாதம், எதையும்.
ஒரு சாண் உயரத்திலிருந்து
சிமெண்டில் நெட்டுக்குத்தாய் விட்டாள்,
காதைச் சாய்த்தாள்.
"உள்ள ஒரே குரல்தான்" என்றாள்.
மூன்று தவணை.

போன ஞாயிறு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன்.
எதிர் ஆட்டக்காரன் அவனே.
அவள் குனிகிறாள்.
கண் தோல் முனையில்,
அங்கிருந்து வெள்ளைப் பந்தில்,
அங்கிருந்து மூலைப் பாக்கெட்டில்.
வலது மணிக்கட்டுக்குப் பின்னால்
டியூப்லைட் பட்டு வரிகள் ஓடுகின்றன, நிற்கின்றன,
ஒவ்வோர் இழுப்புக்கும் ஓடுகின்றன.
அடித்தண்டு ஆடுகிறவளுக்குத் தெரியாத இடம்.
அது
பிளாஸ்டிக் நாற்காலியில்
சாக்குக்கட்டியை உருட்டிக்கொண்டு
தன் முறைக்கு உட்கார்ந்திருப்பவனுக்கு.

மூன்று போனது. ஐந்து போனது.
ஏழு உதட்டில் தயங்கி, விழுந்தது.
வெற்றிச்செழியனுக்கு அன்றைக்கு
வெகுநேரம் பார்க்கக் கிடைத்தது.