இருபத்தொரு துடிப்பு

செகெட் நகரில், படகுக் கழகத்தின் மாடியறையில்
பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் கூடுவோம்.
மேசைக்கு மேசை பழைய கணினி.
சுவரில் ஒரே ஒரு மின்செருகு.
நான்கு திரைகள் ஒன்றாய் எரிந்தால்
கீழே மீன்சூப் கொதிக்கும் அடுப்பு அணைந்துவிடும்;
சமையல்காரர் ஏறி வந்து திட்டுவார்.
ஆகவே முறைவைத்து எரிய விடுவோம்.
எரியாத நேரமெல்லாம் வாதம்.

அன்று தொடங்கியவன் ஜொம்போர்.
பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன்.
இசட்-80 தவிர வேறு சில்லைத் தொட்டதில்லை.
"6502-இல் நிரல் எழுதுவது
ஒரு கையைக் கட்டிக்கொண்டு ரொட்டி அறுப்பது.
இது என் கருத்தில்லை,
உண்மை."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே
பென்டெகூஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.
6502 பற்றி மூன்று புத்தகம் படித்தவன்,
நிரல் ஒன்றும் முடிக்காதவன்.
ரெஜிஸ்டர் எத்தனை என்றான் இவன்.
முதல் இருநூற்றைம்பத்தாறு பைட்டும்
ரெஜிஸ்டர்தானே என்றான் அவன்.
குரல் ஏற ஏற
எண்களுக்குத் தசமப் புள்ளிகள் முளைத்தன.

"இல்திகோவைக் கேட்போம்" என்றேன் நான்.
இடுக்கியால் விசைப்பலகையின் சுருளைப்
பிடித்துக்கொண்டிருந்தாள்.
பதினோரு வருடம் மின்தூக்கிகளுக்கு எழுதியவள்,
எல்லாம் இசட்-80.
புடாபெஸ்டில் யாரோ ஒருவர் இந்த நிமிடம்
அவள் வரிகளில் ஏறி
ஐந்தாம் மாடிக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

"எனக்கு 6502 பிடிக்கும்" என்றாள்.

ஜொம்போரின் முகத்தில் மின்சாரம் போயிற்று.
பென்டெகூஸ் எழுந்தே விட்டான்:
"அப்படியானால் அதுதானே சிறந்தது!"
"நான் அப்படிச் சொன்னேனா?
நீ சொன்னதில் பாதி தப்பு.
அவன் சொன்னதில் பெரும்பாலும் சரி.
எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.
மூன்றே ரெஜிஸ்டர்.
கைப்பை இல்லாமல் தெருவில் இறங்கினாற்போல்."

இதை யாரும் ஏற்கவில்லை.
தெரியாதவன் பிடிக்கும் என்றால் வாயை மூடச் சொல்கிறோம்.
தெரிந்தவள் பிடிக்கும் என்றால்
ஆதாரம் எங்கே என்கிறோம்.

ஜொம்போர் விடவில்லை.
"எல்.டி.ஐ.ஆர்! ஒரே கட்டளை,
திரை முழுதும் துடைத்துவிடும்.
அதைவிட வேகம் உண்டா உன் மூன்று ரெஜிஸ்டரில்?"

சுருள் உட்கார்ந்துவிட்டது; இடுக்கியை வைத்தாள்.
"ஒரு பைட்டுக்கு இருபத்தொரு துடிப்பு, ஜொம்போர்.
எல்.டி.ஐ-யை வரிசையாக எழுதினால் பதினாறு.
அடுக்கின் வழியே தள்ளினால்
பதினொன்றில் இரண்டு பைட்.
உன் சில்லிலேயே
உன் கட்டளைதான் மெதுவானது."

கீழே கரண்டி பாத்திரத்தில் தட்டுவது கேட்டது.
ஜன்னலுக்கு வெளியே திஸா
பனிக்கட்டித் துண்டுகளை
அவசரமில்லாமல் கொண்டுபோனது.

"தெரியும்" என்றான் ஜொம்போர், வெகுநேரம் கழித்து.
"பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும்.
ஆனாலும் அந்த நாலு எழுத்தை
அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு
பார்த்துக்கொண்டிருப்பேனே,
மேலிருந்து கீழாக வெளுக்கும் திரை...
வேகமாய் இருந்தால்
அது கண்ணில் படாது."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றாள்.
"சொன்னால் தோற்றதாகிவிடுமே."
"யாரிடம்?"

அவன் பென்டெகூஸைப் பார்த்தான்.
பென்டெகூஸ் தன் மூன்று புத்தகங்களையும்
பைக்குள் வைத்துக்கொண்டு
அந்த 6502 கணினியில்
இரண்டு வரி அடித்துப் பார்க்கலாமா
என்று கேட்டான். மெதுவாக.
இல்திகோ நகர்ந்து இடம் விட்டாள்.
திரை எரிந்தது.
நாலாவது.
கீழே திட்டு ஆரம்பித்தது.

சூப் வரத் தாமதமாயிற்று.
வந்தபோது யாரோ அதில்
பாயா ஊர் வழக்கப்படி
சேமியா போட்டிருந்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்,
எனக்குச் சமைக்கத் தெரியாது,
ஒரு மீனைக்கூடச் செதிலெடுத்ததில்லை.
ஆனால் மீன்சூப்பில் சேமியா போடக்கூடாது.
இது என் கருத்தில்லை.