மூன்று பத்து

மொண்டேவீடியோவில் ஜூலை மழை.
முதியவர்களுக்குப் பாதி விலையாம்;
முறைத்துக்கொண்டே டிக்கெட் வாங்கினேன்.

டிவியில் பதினொரு முறை பார்த்த படம்.
கொலைகாரன் மருந்துக்கடைக்காரன்.
பக்கத்து சீட்டுப் பையனுக்கு அது தெரியாது,
பாப்கார்ன் வாய்க்குப் போகும் வழியிலேயே
நின்றுவிட்டது.

திரையில் அவன் முகம் ஒரு வீட்டளவு.
இருமல் மருந்தைக் காகிதத்தில் சுற்றுகிறான்.
நாலரைக்குத்தான் கடை திறந்தேன் என்று
போலீஸிடம் பிறகு சத்தியம் செய்வான்.
இடது ஓரத்தில், அலமாரிக்கு மேலே,
ஒரு கடிகாரம்.
மூன்று பத்து.

எங்கள் டிவிக்குள்
அந்த ஓரம் அடங்கியதே இல்லை.

கல்யாணமான புதிதில், சோபாவில்,
சரியாக இந்த இடத்தில்
"இவன்தான்" என்றான் வாஷிங்டன்.
முன்னாடியே பார்த்திருக்கிறாயா?
அம்மா மேல் ஆணையாக இல்லை, மூளை, என்று
நெற்றியைத் தட்டிக் காட்டினான்.
அந்த மூளையை நம்பித்தான்
முப்பத்தெட்டு வருஷ வீட்டுக்கணக்கை ஒப்படைத்தேன்.

பையன் இப்போது கண்ணைப் பொத்திக்கொள்கிறான்.
எனக்குக் கத்தி தெரியவில்லை, ரத்தம் தெரியவில்லை.

தனியாக சினிமாவுக்குப் போகிற ஆள் இல்லை அவன்.

கடைசி பஸ்ஸில் ஈரக் குடையோடு யோசிக்கிறேன்,
கேள்வியை எங்கிருந்து தொடங்குவது.
வீட்டில் விளக்கு எரிகிறது.
மாத்தேக்கு வெந்நீர் வைத்திருப்பான்.
படம் எப்படி, சுல்மா, என்பான்.

நல்ல தெளிவு, என்பேன்.