விலக்குப் பட்டியல்

காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து முனிரத்தினம்
கணினியை ஸ்கூட்டரில்
இரண்டு காலுக்கும் நடுவே நிற்கவைத்துக் கொண்டுவந்தார்.
"தானா தொறக்குது, தானா மூடுது.
உள்ள யாரோ இருக்கான்மா."

யாரோ இல்லை, நிறையப் பேர்.
அறை எடுக்கிற எல்லோரும்
ஸ்கேன் படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து
அச்செடுத்துப் போகிற கணினி அது.
மால்டாவிலிருந்து, சில்சாரிலிருந்து
வந்தவர்கள் போனார்கள்.
கூட வந்தது தங்கிவிட்டது.

எந்தக் கருவி கெட்டி என்று
எனக்கும் அப்சலுக்கும் நெடுநாள் வழக்கு.
வட்டை அப்படியே மூன்று பிரதி எடுத்தோம்.
ஒரே நோய், ஒரே உடம்பு,
மூன்று வைத்தியம்.
ராத்திரி பதினொன்றுக்கும் மின்விசிறி
மே மாதத்தைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது.

முதலாவது நாற்பத்தொன்று என்றது.
முக்கால்வாசி வெறும் குக்கீ.
பயம் காட்டிக் காசு கேட்கிற ரகம்.
இரண்டாவது, பதினேழு.
மூன்றாவது ஐந்தே நிமிடத்தில்
பச்சை டிக் போட்டு
'பாதுகாப்பாக உள்ளது' என்றது.
சொல்லும்போதே மூலையில்
ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

"ரெண்டாவதுதான், விடு" என்றான் அப்சல்.
நானும் விட்டிருப்பேன்.
பதினேழில் ஒன்றின் பெயர் மட்டும்
'சுபீர் எழுத்து' என்றிருந்தது.

போன் போட்டேன்.
தூக்கம் போய்விட்டது முனிரத்தினத்துக்கு.
"ஐயோ, அதத் தொடாதீங்க!"

பதினாலாம் நம்பர் அறை.
அப்பாவின் சிகிச்சைக்கு வந்து நாலு மாதம் தங்கிய பையன்
உறக்கம் வராத இரவுகளில்
வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எழுதியது.
வங்காளத்தில் தட்டினால் தமிழ் வரும்,
தமிழில் தட்டினால் வங்காளம்.
இருநூறு வாக்கியம், அவ்வளவுதான்.
வெந்நீர் எப்போது.
ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும்.
இன்னும் இரண்டு நாள் பொறுப்பீர்களா.

விசை ஒவ்வொன்றையும் ஒட்டுக்கேட்கிறது,
கேட்டதைக் குறித்து வைக்கிறது.
திருடன் செய்வதும் இதுவேதான்.
முதலாவதும் அதைத் திருடன் என்றது.
மூன்றாவது அதை விட்டுவைத்தது,
எல்லாத் திருடனையும் விட்டுவைத்ததுபோல.

"அந்தப் பையன் இப்போ?"
"அவங்கப்பாவுக்கு அப்புறம்
போன் எடுக்கறதில்லம்மா."

அசல் வட்டில் இரண்டாவதை ஓட்டினேன்,
விலக்குப் பட்டியலில் ஒரே ஒரு வரியோடு.
பதினாறு போயின.
ரசீது முந்நூற்றைம்பது.
அப்சல் நோட்டில் மூன்று எண்ணையும் எழுதி
எதன் கீழே கோடு போடுவதென்று தெரியாமல்
பேனாவை மூடினான்.

காலையில் நானே போய்ப் பொருத்தினேன்.
பையைக் கீழே வைக்காமலே ஒரு பெண்
ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள்.
திரையில் தமிழ் வந்தது:

கீழ்த்தளத்தில் அறை உண்டா.
அவரால் படி ஏற முடியாது.